இறுகியிருப்பதாகச் சொன்ன திருகாணி

துவக்கைப் பற்றி இதுவரை நான் எழுதியவை பெரும்பாலும் சாவுச் செய்திகளே. 2000ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நிமலராஜனும், 2005ஆம் ஆண்டு கொழும்பில் கடத்தப்பட்டு சிவராமும் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், எமது தலைமுறைப் பத்திரிகையாளர் எவருக்கும் அந்தச் சொல் வெறும் கருவியொன்றின் பெயராக இருக்க முடியாது. அப்படிப்பட்ட நான் விளையாட்டுத் துவக்கொன்றின் திருகாணியைப் பற்றி எழுதுவது சில வாசகர்களுக்கு வியப்பைத் தரலாம். ஓரிடத்தில் பிறக்கும் பிழை, அதற்குத் தொடர்பே இல்லாத ஒருவர் தலையில் பழியாகப் போய் எவ்வாறு அமர்கிறது என்பதை அந்தச் சின்னத் திருகாணி எனக்குக் காட்டியது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் வாழும் என் தம்பியின் மகளுக்கு வயது பதினேழு. நான்கு ஆண்டுகளாகக் குறிசூட்டுக் கழகமொன்றில் பயில்கிறாள். தம்பிக்கு இதில் உடன்பாடில்லை. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இவள் காசு கட்டித் துவக்குப் பிடிக்கிறாள், அண்ணை" என்று தொலைபேசியில் குறைப்பட்டுக்கொள்வான். ஆனாலும் தடுத்ததில்லை. கடந்த மாரிகாலத்தில் இரண்டு மாதங்கள் அவர்களுடன் தங்கியிருந்தபோது, கழகத்துக்குப் பெறாமகளை அழைத்துச் செல்லும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

இந்தக் கழகங்களின் வரலாற்றில் இலங்கையருக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் தம் படையினர் குறிபார்த்துச் சுடுவதில் பின்தங்கியிருப்பதைக் கண்ட பிரித்தானியர், சாதாரண தொழிலாளரும் பயிலத்தக்கதாகச் சிறுதுளை றைபிள் கழகங்களை ஊர்தோறும் தொடங்கினர். அவற்றை ஒருங்கிணைக்கும் சங்கம் 1901ஆம் ஆண்டு உருவானது. அதே யுத்தத்தில் பிடிபட்ட போயர் கைதிகளை அடைப்பதற்காகவே 1900ஆம் ஆண்டு எமது தியத்தலாவையில் முகாம் அமைத்தார்கள். பிற்காலத்தில் பாடசாலை மாணவர் படையணிகள் பயிற்சிக்குச் சென்றதும் அதே தியத்தலாவைக்குத்தான்.

விளையாட்டில் பயன்படுவது .22 எனப்படும் மிகச் சிறிய ரவை. 1887ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான வடிவம் இன்றும் மாறவில்லை. 5.6 மில்லிமீற்றர் விட்டமும் ஏறத்தாழ 2.6 கிராம் எடையும் கொண்ட ஈயக்குண்டு. அதன்மேல் மெழுகுப் பூச்சு. தீப்பற்றும் மருந்து பித்தளைக் கோதின் அடிவிளிம்புக்குள் இருக்கிறது. குத்தூசி அந்த விளிம்பை நசுக்கியதும் வெடிக்கிறது. போட்டிக்கான ரவைகளை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகவே செய்கிறார்கள். ஒலியின் வேகத்தைக் கடந்து பறக்கும் குண்டு, வழியில் அந்த வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறிவிடும் என்பதே காரணம். 50 மீற்றர் தொலைவில் வைக்கப்படும் அட்டையில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர் மட்டுமே. எங்கள் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது.

பத்துச் சூடுகளுக்கு 97, 98 என்று எடுத்துவந்த பெறாமகள், ஆறு மாதங்களாக 91, 92க்கு மேல் ஏறவில்லை. அத்துடன் ரவை ஊட்டுவதிலும் சிக்கல். ஐந்து ரவைகள் கொள்ளும் மகசீனிலிருந்து மூன்றாவதோ நான்காவதோ ரவை, குழலின் வாயில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஈயம் சீவுப்படும். குப்புறப் படுத்து, தோள்வாரை இறுக்கி, மூச்சை அடக்கிக் காத்திருக்கும் பிள்ளை, ஒவ்வொரு முறையும் எழுந்து அதை எடுத்துவிட்டு மறுபடி படுக்கவேண்டும்.

கழகத்தில் தீர்ப்பு ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்தது. விசைவில்லை அழுத்தும் கணத்தில் அவள் தோளைச் சுருக்குகிறாள், கண்ணை மூடுகிறாள், பதற்றப்படுகிறாள் என்றார்கள். பரீட்சைச் சுமை என்றார் ஒருவர். வளரும் வயது என்றார் இன்னொருவர். மாவட்ட அணித் தெரிவுக்கு ஐந்து வாரங்களே இருந்தன. வீடு திரும்பும் வழியில் ஒருநாள், "பெரியப்பா, நான் இதை விடப்போறன். எனக்கு இது சரிவராது" என்றாள். சொன்ன விதத்தில் கோபம் இல்லை. தீர்ப்பை அவளும் ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்பதே எனக்கு வருத்தமாக இருந்தது.

ஒரு கேள்விதான் கேட்டேன். "இதே றைபிளை வேறு ஆர் பிள்ளை சுட்டது?" எவருமில்லை. அது கழகத்துக்குரியது, ஆனால் இடது கைப்பழக்கமுள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டது. கழகத்தில் இடதுகைக்காரி அவள் ஒருத்திதான். ஒரே சாட்சியை வைத்துக்கொண்டு வழக்கை முடித்திருந்தார்கள்.

அந்தக் கழகத்தில் கடைசல் இயந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் உண்டு. அதிகம் பேசாதவர். பெறாமகள் அவரிடம் கேட்டதும் மறுவாரமே நேரம் ஒதுக்கினார். முதலில் ரவை அறை வெறுமையாக இருப்பதை அவர் பார்த்தார். பின்னர் அவளைப் பார்க்கச் செய்தார். பின்னர் போல்டைக் கழற்றி மேசையில் வைத்தார். அதன் பிறகுதான் பேச்சு. அவர் சொன்ன விதி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை, பிறகு சுட்டுப் பார். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டால் நோய் தீர்ந்தாலும் எது தீர்த்தது என்று தெரியாது. செய்தி ஆசிரியர்கள் இளம் நிருபர்களுக்குச் சொல்லவேண்டிய விதி இது.

ரவையை மாற்றிப் பார்த்தார்கள். வேறொரு தொகுதி ரவையும் அதேபோலச் சிதறியது. குறிகாட்டிகளைத் தாங்கும் திருகாணிகள் உறுதியாகவே இருந்தன. ஆனால் அட்டைகளை வரிசையாக அடுக்கியபோது ஒன்று தெரிந்தது. துளைகள் கண்டபடி சிதறவில்லை. இரண்டு தனித்தனிக் கூட்டங்களாக விழுந்திருந்தன. முதியவர் அதைக் காட்டி, பதற்றப்படும் மனிதன் எல்லாப் பக்கமும் பிழைவிடுவான், இரண்டு இடங்களில் மாறிமாறி அமர்வது இரும்பின் குணம் என்றார்.

இதை விளங்கிக்கொள்ள, இந்த றைபிள் எவ்வாறு கோக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். குழலும் போல்ட் ஓடும் இயங்குபகுதியும் சேர்ந்து ஒரே இரும்புத் தொகுதி. அது மரக்கட்டையில் குடையப்பட்ட இருக்கையில் அமர்கிறது. கீழிருந்து ஏறும் இரண்டு திருகாணிகள் அதை மரத்தோடு சேர்த்துப் பிடிக்கின்றன. மகசீன் செருகும் அடித்தட்டையும் இந்த வகையில் அதே திருகாணிகளே பிடித்திருக்கின்றன. பிடி தளர்ந்தால், ஒவ்வொரு சூட்டின் உதைப்பிலும் இரும்பு மரத்துக்குள் மயிரளவு நகர்ந்து, ஒருமுறை இங்கும் மறுமுறை அங்குமாக அமரும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினாலோ மரம் அமுங்கி, இயங்குபகுதி வளைந்துவிடும். பெரும்பாலும் 2 முதல் 6 நியூட்டன் மீற்றர் வரையான இறுக்கமே இவற்றுக்குப் போதும். அதற்குள் எந்த அளவு என்பதைத் தயாரித்தவரின் கையேட்டிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சுட்டே அறியவேண்டும்.

திருகாணிகள் இரண்டும் இறுகியே இருந்தன. இறுக்கத்தை அளந்து காட்டும் திருப்புளியும் சரியான எண்ணையே காட்டியது. இந்த இடத்தில்தான் முன்பு பார்த்தவர்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

முதியவர் குழலும் மரமும் சந்திக்கும் இடத்தில் அவளுடைய விரலை வைக்கச் சொல்லி, முன் திருகாணியைத் தளர்த்தினார். விரலுக்கு அசைவு தெரிந்தது. மறுபடி இறுக்கிவிட்டுப் பின் திருகாணியைத் தளர்த்தினார். அசைவே இல்லை. இறுகியிருந்தபோதும் அது எதையும் பிடித்திருக்கவில்லை. கழற்றி எடுத்து, நுனியில் நீல மை பூசி, மீண்டும் ஏற்றி இறக்கினார். நுனியில் மை அழிந்திருந்தது. திருகாணி துளையின் அடியில் முட்டி நின்றிருக்கிறது. கைக்கும் கருவிக்கும் கிடைத்த இறுக்கம் இரும்பை இரும்பு முட்டிய இறுக்கம். மரத்தைப் பிடித்த இறுக்கம் அன்று. ஆண்டுக்கணக்கில் மரம் மெல்ல மெல்ல அமுங்க, அதே நீளத் திருகாணி சற்று ஆழமாகப் போகத் தொடங்கியிருக்கிறது. எவரும் தவறு செய்யவில்லை. மரம் வயதாகியிருந்தது, அவ்வளவுதான்.

அரத்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரைக் குறைத்து, பிசிறு நீக்கினார். றைபிளின் அடிப்பாகத்தை நிலத்தில் ஊன்றி நிமிர்த்திப் பிடித்து, இரும்புத் தொகுதி தன் எடையிலேயே இருக்கையில் பின்னோக்கி அமரவிட்டு, இரண்டு திருகாணிகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கினார். அன்று மாலை அவள் சுட்ட அட்டையில் துளைகள் ஒரே கூட்டமாக விழுந்தன.

இதோடு கதை முடிந்திருந்தால் எழுதுவதற்கு எளிதாக இருந்திருக்கும். ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் கட்டிவிடும் ஆசை எங்கள் தொழிலிலும் உண்டு. ஆனால் ரவை முட்டுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. அடித்தட்டு சரியாக அமர்ந்ததால் மகசீனின் உயரம் நேரானது உண்மை. மீதிக்கு வேறு காரணங்கள் இருந்தன. இரண்டு மகசீன்களுக்கும் 1, 2 என்று இலக்கமிட்டு, எது எப்போது முட்டுகிறது என்று அவளைக் குறித்துவரச் சொன்னார் முதியவர். முட்டியவை எல்லாம் 2ஆம் இலக்கத்திலேயே. எப்போதோ கீழே விழுந்து, ரவையைப் பிடித்திருக்கும் அதன் உதடுகளில் ஒன்று வளைந்திருந்தது. அதைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கினார்கள். ரவை அறையின் விளிம்பில் மெழுகும் கரியும் வளையமாகப் படிந்திருந்தன. மாரிக்குளிரில் மெழுகு இறுகி ரவை நுழைவதைக் கடினமாக்கும். வெண்கலத் தூரிகையால் அதையும் துடைத்தார்கள். துடைத்த பின் முதற் சில சூடுகள் அலையும், குழலில் மெழுகு மீண்டும் படியும்வரை அவற்றைக் கணக்கில் எடுக்காதே என்றும் அவளுக்குச் சொல்லிவைத்தார்.

இனி, அவள்மீது சொல்லப்பட்ட குற்றம். அது முழுப்பொய் அன்று. வெடித்த வெறுங்கோதுகளையும் நல்ல ரவைகளையும் அவளுக்குத் தெரியாத ஒழுங்கில் ஒவ்வொன்றாக ஊட்டிச் சுடவைத்தபோது, வெறுங்கோதிலும் அவள் தோள் சுருங்கியதை நானே பார்த்தேன். ஆறு மாதங்களாக எப்போது முட்டும் என்று காத்திருந்த உடல் அப்படித்தான் பழகும். பதற்றத்தால் றைபிள் பிழைக்கவில்லை. றைபிள் பிழைத்ததால் பதற்றம் வந்தது. பார்த்தவர்கள் கண்டது உண்மையைத்தான். எது முன், எது பின் என்பதை மட்டும் மாற்றிப் படித்துவிட்டார்கள்.

2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் அபினவ் பிந்த்ரா தகுதிச் சுற்றில் மூன்றாமிடத்தில் நின்றவர். இறுதிச் சுற்றில் ஏழாமிடத்துக்கு இறங்கினார். அழுத்தம் தாங்கவில்லை என்று சொல்லிவிடுவது எவருக்கும் எளிது. அவர் நின்ற இடத்தின் தரையோடு ஆட்டம் கண்டிருந்தது பின்னரே அவருக்குத் தெரியவந்தது. 2008ஆம் ஆண்டு பீஜிங்கில் தங்கம் வென்றவரும் அவரே. எல்லாத் தோல்விக்கும் கீழே ஆடும் ஓடு இருக்கும் என்பதல்ல நான் சொல்லவருவது. மனிதரை எடைபோட முன் ஓட்டை ஒருமுறை மிதித்துப் பார்க்கலாம் என்பதே.

தோள் சுருங்குவது நிற்க நான்கு வாரங்கள் ஆயின. தெரிவுப் போட்டியில் 96 எடுத்து, அணியில் மேலதிக வீராங்கனையாக இடம் பெற்றாள். கழகத்தின் ஒவ்வொரு றைபிளுக்கும் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். திருகாணியைத் தொட்டவர் பெயர், திகதி, இறுக்கிய அளவு எல்லாம் அதில் பதியப்படுகின்றன. இடதுகை றைபிளின் கொப்பியை எழுதுபவள் பெறாமகள். தம்பி இன்னமும் கழகத்துக்குள் காலடி வைக்கவில்லை. ஆனால் பின் திருகாணி எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்டால், மறுமொழி சொல்ல அவனுக்குத் தெரியும்.