பனிமேற் செல்லும் பலகை

மழை என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படும் பொருள் உண்மையில் பலவகைப்பட்டது. தூறலும் மழையே; சாரலும் மழையே; விடாது பெய்யும் அடைமழையும் ஆலங்கட்டி மழையும் மழையே. அவற்றின் வேறுபாட்டை நன்கு அறிந்தவன் உழவன். பனி என்னும் சொல்லும் இத்தகையதே. வடகோடி நாடுகளிலும் உயர்ந்த மலைகளிலும் வானத்திலிருந்து விழுந்து நிலத்தை மூடும் வெண்பனி ஒரே தன்மையுடையதன்று. அதன் வேறுபாடுகளை நன்கு அறிந்தவர்கள் ஆண்டில் பல திங்கள் அதன்மீதே நடந்து திரிய வேண்டிய மக்கள். பனியின் இயல்பை அறியாமல் அவர்கள் வீட்டைவிட்டுப் புறப்படுவதில்லை.

புதிதாக விழுந்த பனி வெட்டிய பஞ்சுபோல் மென்மையானது. அதில் அடியெடுத்து வைப்பவனுடைய கால் முழங்கால் வரையில் புதையும். அதே பனியைக் காற்று பல நாள் வீசி அழுத்தினால் அது இறுகிக் கெட்டிப்படும். பகலில் வெயில் பட்டு உருகி, இரவில் மீண்டும் உறைந்தால், அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழுக்கும். வேனிற் காலத்தின் தொடக்கத்தில் அது நீர் கோத்து, கல்லுப்பைப் போலப் பருமணியாகிவிடும். கடுங்குளிரிலோ அது உலர்ந்து, நுண்ணிய மணலின் தன்மையை அடையும். இத்தனை வகைப் பனியும் ஒரே மலையில், சிலவேளை ஒரே நாளில் எதிர்ப்படுவதும் உண்டு.

இத்தகைய நிலத்தில் செல்வதற்கு மனிதன் கண்ட கருவியே ஸ்கீ எனப்படும் சறுக்குப் பலகை. இது நீண்டு, மெலிந்து, முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். காலுக்கு ஒன்றாக இரண்டு பலகைகளைக் கட்டிக்கொண்டு பனிமேல் வழுக்கிச் செல்வார்கள். நார்வே நாட்டார் இதனை 'ஷீ' என்று ஒலிப்பர். பிளந்த மரத்துண்டு என்பது அச்சொல்லின் பழைய பொருள். நார்வே நாட்டு மலையொன்றின் உறைபனியிலிருந்து 2014 ஆம் ஆண்டில் ஒரு பலகையும், 2021 ஆம் ஆண்டில் அதன் இணைப் பலகையும் கிடைத்தன. அவை ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இக்கருவியின் பழமைக்கு அவ்விணையே ஒரு சான்று.

சறுக்குப் பலகை செய்யும் பணி யாது? சேற்று நிலத்தைக் கடக்க விரும்புவோர் அதன்மேல் பலகையிட்டு நடப்பதைக் காண்கிறோம். உடலின் எடை பரந்த இடத்தில் பங்கிடப்படுவதால் கால் புதைவதில்லை. சறுக்குப் பலகையும் அவ்வாறே பனியில் புதையாமல் தாங்குகிறது. தாங்குவதோடு அதன் பணி முடிந்துவிடுவதில்லை; அது வழுக்கிச் செல்லவும் வேண்டும். பலகை உராயும்போது எழும் வெப்பத்தால் பனியின் மேற்பரப்பு மிக நுண்ணிய அளவில் உருகி வழுக்கலைத் தருகிறது. கடுங்குளிரில் அந்த ஈரம் எளிதில் உண்டாவதில்லை. ஆகவே பனி மணல்போல் பலகையைப் பற்றிக்கொள்ளும்.

இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. சரிவில் இறங்கும்போது பலகை நன்கு வழுக்க வேண்டும். ஏற்றத்தில் ஏறும்போது அதுவே வழுக்காமல் பற்றி நிற்க வேண்டும். மென்பனியில் புதையாதிருக்க அகன்ற பலகை வேண்டும். இறுகிய பனியில் விளிம்பை ஊன்றித் திரும்புவதற்குக் குறுகிய பலகை வேண்டும். ஒன்றற்கு நன்மையாவது மற்றொன்றற்குத் தீமையாகிறது. அப்படியாயின் எவ்வகைப் பனி எதிர்ப்படும் என்று முன்னரே அறிய இயலாதவன் எந்தப் பலகையைத் தேர்ந்தெடுப்பான்?

ஸ்காந்திநேவிய நாடுகளில் வாழ்ந்த முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டனர். அவர்களுள் சிலர் இரு கால்களுக்கும் இருவேறு பலகைகளைக் கட்டிக்கொண்டனர். ஒன்று மிக நீண்டது. அது வழுக்கிச் செல்வதற்கு. மற்றொன்று குட்டையானது; அதன் அடியில் விலங்கின் தோலைப் போர்த்தியிருந்தனர். அது பனியை உந்தித் தள்ளுவதற்கு. தோலின் மயிர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் பலகை முன்னே செல்லுங்கால் மயிர் படிந்து வழிவிடும். பின்னே நழுவுங்கால் நிமிர்ந்து பனியைப் பற்றும். ஒரு கருவியால் முடியாததை இரு கருவிகள் தம்முள் பகிர்ந்துகொண்டன.

பலகையைத் தேர்ந்தெடுப்பதில் ஆறு மனிதருடைய உயிரே அடங்கியிருந்த ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அது 1888 ஆம் ஆண்டில் கிரீன்லாந்தில் நிகழ்ந்தது. கிரீன்லாந்து ஒரு பெருந்தீவு. அதன் பெரும்பகுதி உறைபனியால் மூடப்பட்டது. அதன் உட்பகுதியைக் கிழக்கிலிருந்து மேற்குவரையில் கடந்தவர் அதுவரையில் ஒருவரும் இலர். அதனைக் கடக்கத் துணிந்தவர் பிரிட்யோப் நான்சென் என்னும் நார்வே இளைஞர். அவர் உயிர்நூல் கற்றவர்; பெர்கன் நகரத்து அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர்; இளமை முதற்கொண்டே சறுக்குப் பலகையில் தேர்ந்தவர். 1884 ஆம் ஆண்டில், குளிர்காலத்தில், பெர்கனிலிருந்து மலைகளைக் கடந்து கிறித்தியானியா நகருக்குச் சறுக்குப் பலகையிலேயே சென்றவர். கிறித்தியானியா என்பது இன்றைய ஆசுலோ.

முன்னர் முயன்றவர்களிற் பலர் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டனர். துன்பம் நேர்ந்தபோது அவர்கள் திரும்பிவிட்டனர். நான்சென் அதனை மாற்றினார். குடியிருப்பு அரிதாகிய கிழக்குக் கரையில் இறங்கி மேற்கு நோக்கிச் செல்வதென முடிவு செய்தார். திரும்பிச் சென்றால் உணவும் இல்லை, உறைவிடமும் இல்லை. முன்னேறிச் செல்வதொன்றே வழி. இத்திட்டத்தைக் கேட்டோர் பலர் இதனை அறிவீனம் என்று இகழ்ந்தனர். நார்வே அரசு பொருளுதவி தர மறுத்தது. டென்மார்க்கு நாட்டு வணிகர் ஒருவரே முன்வந்து உதவினார்.

ஒருவரும் கண்டிராத நிலத்தில் எத்தகைய பனி இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? நான்சென் தாம் அறிந்த எல்லாப் பனியையும் எண்ணிப் பார்த்தார். ஒன்பது இணைப் பலகைகளை உடன்கொண்டார். அவற்றுள் இரண்டு இணை கருவாலி மரத்தால் ஆனவை. எஞ்சியவை பூர்ச்ச மரத்தால் ஆனவை. நீர் கோத்த பருமணிப் பனியில் மரத்தைவிட எஃகு நன்கு வழுக்கும் என்று கருதிப் பூர்ச்சப் பலகைகளின் அடியில் மெல்லிய எஃகுத் தகடு பொருத்தச் செய்தார். வெறும் எஃகு ஏற்றத்தில் பின்னோக்கி நழுவும் அன்றோ? ஆகையால் கால் ஊன்றும் இடத்தில் தகட்டைத் திறந்து, அங்கே எல்க் என்னும் பெருமானின் மயிருள்ள தோலைப் பதிக்கச் செய்தார். முன்னோர் இரு பலகைகளுக்குப் பகிர்ந்தளித்த இரு பணிகளும் இவ்வாறு ஒரே பலகையில் ஒன்று சேர்ந்தன. பலகை பயன்படாத இடத்தில் அணிந்துகொள்ளப் பின்னல் வளையங்களாகிய பனிமிதியடிகளையும் அவர் எடுத்துச் சென்றார்.

கப்பலிலிருந்து படகில் இறங்கிய அறுவரையும் மிதக்கும் பனிப்பாளங்கள் பல நாள் தெற்கே இழுத்துச் சென்றன. அவர்கள் அரும்பாடுபட்டுக் கரையேறி, மீண்டும் வடக்கே படகு செலுத்தினர். ஆகஸ்டுத் திங்கள் 15 ஆம் நாள் பனிமேட்டில் ஏறத் தொடங்கினர். பயணத்தின் தொடக்கத்தில் பனிமேடு செங்குத்தாகவும் வெடிப்புகள் நிறைந்தும் இருந்தது. பொதிவண்டிகளை இழுத்துக்கொண்டு அங்கே பலகையில் செல்ல இயலவில்லை; பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். செப்டம்பர்த் தொடக்கத்தில் நிலம் சமமாகிப் பனி ஆழமானபோதுதான் பலகைகளைக் காலில் கட்டினர். அதன் பின்னர் இரண்டு வாரங்களுக்கு மேலாக அவற்றை நம்பியே சென்றனர்.

அவர்கள் ஏறிய மேட்டின் உச்சி 2719 மீட்டர் உயரமுடையது. இரவில் குளிர் சுழிக்குக் கீழே 40 பாகையையும் கடந்தது. அங்கே கிடந்த பனி உலர்ந்து, நுண்மணல்போல் இருந்தது. வண்டிகள் நகர மறுத்தன. எந்தப் பனியை எண்ணி எஃகுத் தகடு பொருத்தப்பட்டதோ, அந்த ஈரப்பனி அவர்களுக்கு எதிர்ப்படவே இல்லை. எனினும் அவர்கள் பனியில் புதையவில்லை. பலகைகள் அவர்களைக் கைவிடவில்லை. 49 நாட்களில் பயணம் முடிந்தது. அக்டோபர்த் திங்கள் 3 ஆம் நாள் நான்செனும் அவர் தோழர் ஒருவரும் மேற்குக் கரையிலுள்ள கோட்ஹாப் என்னும் ஊரை அடைந்தனர். பின்தங்கியிருந்த நால்வரும் பின்னர் அழைத்துவரப்பட்டனர். ஒருவரும் உயிரிழக்கவில்லை.

இப்பயணத்தைப் பற்றி நான்சென் எழுதிய நூல் 1890 ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெற்றி பெற்றவர் தம் கருவிகளையெல்லாம் புகழ்ந்துகொள்வது உலக இயல்பு. நான்செனோ எஃகுத் தகடு இன்றியே சென்றிருக்கலாம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தம் கணிப்பில் பிழைபட்டதை மறைக்காமல் கூறியது, பின்வரும் பயணிகளுக்கு அவர் செய்த பேருதவியாகும். ஆனால் ஒன்றை நாம் ஆராய வேண்டும். ஈரப்பனியில் மட்டும் விரைந்து செல்லும் பலகை ஒன்றையே அவர் நம்பியிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? அவருடைய பலகை எந்தப் பனியிலும் முதலிடம் பெறத்தக்கதன்று. எந்தப் பனியிலும் முற்றிலும் தோற்கத்தக்கதும் அன்று. அறுவரையும் காத்தவற்றுள் அப்பண்பும் ஒன்று.

இன்று சறுக்குப் பலகை பெரிதும் விளையாட்டுக்குரிய கருவியாகிவிட்டது. மரத்தோடு நெகிழியும் கண்ணாடியிழையும் உலோகமும் சேர்ந்து அது உருவாகிறது. ஓரங்களில் எஃகு விளிம்பு பதிக்கப்படுகிறது. ஆயினும் பழைய வினா அப்படியே நிற்கிறது. ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஓர் ஊருக்கு மார்ச்சுத் திங்களில் செல்லும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்ப்போம். காலையில் அவன் காண்பது இரவில் உறைந்து கல்லான பனி. நண்பகலில் அதுவே இளகும். நிழல் விழும் வடசரிவில் மட்டும் மென்பனி எஞ்சியிருக்கும். மாலையில் அடிவாரத்தில் இருப்பது காலை இழுக்கும் ஈரக்கூழ். அவனிடம் இருப்பதோ ஓர் இணைப் பலகை.

கடையில் அவன் பலவற்றைக் காண்கிறான். காலூன்றும் இடத்தில் 80 மில்லிமீட்டருக்குக் குறைவான அகலமுடையவை இறுகிய பனிக்கு உரியவை. விளிம்பை மாற்றி விரைவாகத் திரும்ப அவை உதவும். 110 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகன்றவை ஆழ்ந்த மென்பனியில் மிதப்பவை. இறுகிய பனியில் அவற்றை விளிம்பின்மேல் நிறுத்துவது முழங்காலுக்கு வருத்தம் தரும். இவ்விரண்டுக்கும் இடையே, ஏறத்தாழ 85 முதல் 100 மில்லிமீட்டர் வரையில் அகலமுடையவை பலவகைப் பனிக்கும் பொதுவானவை. அகலத்தோடு வடிவத்தையும் நோக்க வேண்டும். நடுப்பகுதி வில்போல் மேல்நோக்கி வளைந்திருந்தால், மிதித்தவுடன் விளிம்பு முழுதும் பனியைப் பற்றும். முன்முனை நீண்டு உயர்ந்திருந்தால் மென்பனியில் அமிழாது மேலெழும். நடுவில் அவ்வளைவும் முனையில் இவ்வுயர்வும் அமைந்த பலகை இருவகைப் பனிக்கும் ஒருவாறு பொருந்தும்.

பெருஞ்சரிவில் வெண்பனி தெறிக்கப் பாயும் வீரனின் படம் கடைச் சுவரில் தொங்குகிறது. அதனைக் கண்ட இளைஞன் மிக அகன்ற பலகையை விரும்பக்கூடும். 'அகலக் கால் வையாதே' என்னும் பழமொழியை அவனுக்கு யாரேனும் சொல்ல வேண்டும். என்றோ ஒரு நாள் விழக்கூடிய ஆழ்ந்த பனியை எண்ணி, நாள்தோறும் எதிர்ப்படும் பனியை மறப்பது அறிவுடைமை ஆகாது. தன் உடலின் எடை எவ்வளவு, தன் பயிற்சி எத்தகையது, தான் பெரும்பாலும் செல்லும் சரிவு எது என்னும் மூன்றையும் அவன் தன்னையே வினவ வேண்டும். வலியவன் ஒருவனுக்கு உதவும் விறைத்த பலகை, புதிதாகப் பயில்வோனைக் கீழே தள்ளிவிடும்.

எல்லாவற்றிலும் சிறந்தது என்று சொல்லத்தக்க பலகை உலகில் இல்லை. ஒன்றில் சிறப்பைச் சிறிது விட்டுக்கொடுத்தே மற்றொன்றில் உதவியைப் பெற முடிகிறது. எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுக்கலாகாது என்று தெளிவதே தேர்ந்தெடுத்தல் ஆகும். அதற்கு முதலில் பனியை அறிய வேண்டும். அதனினும் மேலாகத் தன்னை அறிய வேண்டும். அறிந்து தேர்ந்த பின்னும் நான்செனுடைய எஃகுத் தகட்டைப்போலச் சில ஏற்பாடுகள் பயனின்றிப் போகலாம். அதனை ஒப்புக்கொள்ளும் நேர்மை உடையவன் அடுத்த பயணத்திற்கு இன்னும் நல்ல பலகையைத் தேர்ந்தெடுப்பான்.