சாலை முடிகிற ஊர்

லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் குன்றுகளில் லிட்டில் ஹாம்ப்டன் என்று ஒரு குக்கிராமம். ஊருக்குப் போவது ஒரே சாலை. கடைசி வீடுகளோடு அது முடிந்துவிடும். அப்புறம் காடு, காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. வண்டியில் வந்தவர்கள் திரும்பத்தான் வேண்டும். நடந்து வந்தவர்கள் மேலே போகலாம். ஒரு மே மாதக் காலையில் நான் மேலே போனேன்.

போகும் முன் சின்னஞ்சிறு தேவாலயத்துக்குள் நுழைந்தேன். மங்கிப்போன இடைக்காலச் சுவரோவியங்களில் புனித கிறிஸ்டோபரும் இருக்கிறார். வழிநடப்போரின் காவலர் அவர். சாலை முடிகிற ஊருக்கு ஏற்ற துணைதான்.

காடு முழுக்க பீச் மரங்கள். இலை அடர்ந்து வெயிலை மறைப்பதற்குள் பூத்துவிட வேண்டும் என்று தரையெல்லாம் நீல புளூபெல் பூக்கள். இந்தக் குன்றுகளின் காடுகளில்தான் ‘பாட்ஜர்’ எனப்பட்ட கடைசல்காரர்கள் ஹை விக்கம் நாற்காலித் தொழிலுக்குக் கால்கள் கடைந்தார்கள். அவர்களின் கடைசல் பொறியில் மிதிகட்டையை அழுத்தினால் கயிறு இறங்கிக் கட்டை சுழலும். காலைத் தளர்த்தினால் வளைந்த கழி நிமிர்ந்து கயிற்றை மேலே இழுக்கும். ஈரம் காயாத பச்சை மரத்தையே கடைந்தார்கள்.

பள்ளத்தாக்குக்கு அந்தப்புறம் கிரேட் ஹாம்ப்டன். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் மன்னர் கேட்ட கப்பல் வரியில் தன் நிலத்துக்கு விதித்த 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து, 1637-இல் வழக்கைச் சந்தித்த ஜான் ஹாம்ப்டனின் ஊர். தொகை சிறிது, விட்டுக்கொடுத்தால் போய்விடும் உரிமை பெரிது.

நடைபாதைகளும் அப்படித்தான். தனியார் வயலுக்கு நடுவே போனாலும் பொதுப்பாதையில் எவரும் நடக்கலாம். அவற்றைக் கணக்கெடுத்து வரைபடத்தில் பதியச் சொன்னது 1949-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் வரைபடம் புல்லை மிதிக்காது. ஆள் நடமாட்டம் நின்றால் முள் மூடிவிடும்.

காட்டின் ஓரத்தில் ஒரு மூதாட்டி, பாதையில் நீண்டிருந்த முட்கொடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். இது உங்கள் நிலமா என்று கேட்டேன். “இல்லை, என் பாதை” என்றார். வெட்டிய கொடிகளை இருவருமாக ஓரத்தில் ஒதுக்கினோம். விரலில் முள் கீறியது. அந்தக் கீறல் ஆறும்வரை அது என் பாதையாகவும் இருந்தது.