நூற்றுக்கு மூன்று

2022ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வாழும் என் மகள் வீட்டில் ஆறு திங்கள் தங்கியிருக்கச் சென்றேன். பேரன் பள்ளி இறுதியாண்டில் இருந்தான். எந்தெந்தப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பது என்பதே நாள்தோறும் இரவு உணவுவேளையின் பேச்சு. முப்பத்திரண்டு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் கைகட்டி உட்கார்ந்திருப்பானா? ஒரு தாளை எடுத்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர், விண்ணப்பித்தோர், இடம் பெற்றோர், நூற்றுக்கு எத்தனை பேர் என நான்கு பத்திகள் வரைந்தேன். ஏறுவரிசையில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியும் வைத்தேன்.

முதல் வரி ஹார்வர்டு. 2022இல் 61,220 பேர் விண்ணப்பித்தனர். 1,954 பேருக்கு இடம் கிடைத்தது. நூற்றுக்கு 3.19. ஸ்டான்ஃபோர்டுக்கு 2018ஆம் ஆண்டின் எண்ணைத்தான் எழுதினேன், நூற்றுக்கு 4.3. அவ்வாண்டோடு, தேர்வு முடிவு வெளியிடும் வேளையில் இந்த எண்ணைப் பறைசாற்றுவதை நிறுத்திக்கொள்வதாக அப்பல்கலைக்கழகமே அறிவித்துவிட்டது. ஏன் நிறுத்தினார்கள் என்று அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண் சிறுக்கச் சிறுக்க என் மதிப்பு பெருகியது. எங்கே என்ன கற்பிக்கிறார்கள் என்பதற்கு என் அட்டவணையில் ஒரு பத்திகூட இல்லை.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் செய்தேன். ஒவ்வோர் இடத்திலும் நூற்றுக்கு நான்கு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், எட்டு இடங்களுக்கு விண்ணப்பிப்பவனுக்கு ஏதேனும் ஒன்றிலாவது இடம் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 28 என்று கணக்கிட்டுப் பேரனிடம் காட்டினேன். நாணயத்தை எட்டு முறை சுண்டுவதற்கு இந்தக் கணக்கு பொருந்தும். ஒரு பிள்ளைக்குப் பொருந்தாது. அதே மதிப்பெண்களும், அதே ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களுமே எட்டு இடங்களுக்கும் செல்கின்றன. ஒரு வாயிலில் குறையாகத் தெரிவது அடுத்த வாயிலிலும் குறையாகத் தெரியக்கூடும். வகுப்பில் ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன். பேரன் நம்பினான். நான்கு போதும் என்றிருந்தவன் எட்டுக்கு விண்ணப்பித்தான். கிறிஸ்து பிறப்பு விடுமுறை முழுவதும் விண்ணப்பக் கட்டுரைகளை எழுதிக்கொண்டிருந்துவிட்டு, நள்ளிரவுத் திருப்பலியில் என் தோளில் சாய்ந்து உறங்கிப்போனான்.

சனவரிப் பனியில் வெளியே நடமாட இயலாமல், ஊர் நூலகத்தில் அமர்ந்து இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று தேடத் தொடங்கினேன். 1975இல் பதினைந்து கல்லூரிகள் கூடி, ஒரே விண்ணப்பத்தை அனைத்துக்கும் பயன்படுத்தலாம் என்று ஏற்பாடு செய்தன. நல்ல நோக்கம்தான். இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் அதில் சேர்ந்துள்ளன. ஒருவர் அதன் வழியே இருபது கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கலாம். இருபது வாயில்களில் நிற்கும் ஒரே பிள்ளை இருபது இடங்களிலும் எண்ணப்படுகிறான். பிள்ளைகள் பெருகியதைவிட வரிசைகள் பெருகின. 1983இல் தரவரிசை வெளியிடத் தொடங்கிய யு.எஸ். நியூஸ் இதழ், 2018 வரை இந்தச் சேர்க்கை விகிதத்துக்கும் சிறிது மதிப்பெண் வழங்கி வந்தது. திருப்பியனுப்புவதே பெருமை என்றானால், திருப்பியனுப்புவதற்காகவே ஆள் சேர்க்கும் ஆசை எவருக்கும் வராதா?

சிகாகோ பல்கலைக்கழகம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. 1990களின் தொடக்கத்தில் அது விண்ணப்பித்த பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் இடம் கொடுத்தது; 2022இல் நூற்றுக்கு ஐந்து, ஆறு என்ற அளவுக்கு வந்துவிட்டது. பத்தில் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்ட அந்த நாளில் அங்கே இருந்தவர் யார்? நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர்! 1937 முதல் 1995இல் இறக்கும்வரை அவர் வாழ்வு அந்தப் பல்கலைக்கழகத்தோடுதான். என் அட்டவணையை அன்று வரைந்திருந்தால் அவருடைய பல்கலைக்கழகத்தைக் கடைசி வரியில் போட்டிருப்பேன்.

இயேசு சபையாரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கும் அதே அநீதியைத்தான் செய்திருந்தேன். அமெரிக்காவின் முதல் ஆயர் ஜான் கரோல் 1789இல் நிறுவிய அது, அப்போது பொது விண்ணப்பத்தில் சேராமல் தனி விண்ணப்பமே வைத்திருந்தது. தனியாக உட்கார்ந்து எழுதும் பொறுமை உள்ளவர்களே அங்கு விண்ணப்பித்தனர். அதன் எண் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில் நின்றது. என் தாளில் கீழே கிடந்தது.

எண் உண்மையாக இருக்கும் இடத்திலும் அது எல்லோருக்கும் ஒன்றல்ல. ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்து நடந்த வழக்கில் 2018இல் வெளிவந்த ஆவணங்கள், அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 33க்கு மேற்பட்டோர் இடம் பெற்றதையும், மற்றவர்களில் ஆறு பேர்கூடப் பெறாததையும் காட்டின. சராசரி என்னும் போர்வைக்குள் இருவேறு வாயில்கள்.

திருச்சியிலிருந்து மைத்துனர் தொலைபேசியில், "ஹார்வர்டு என்ன அத்தான், நம் ஐ.ஐ.டி.தான் அதைவிடக் கடினம்" என்று மார்தட்டுவார். அதுவும் எதை எதனால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்ததே. 2023இல் ஐ.ஐ.டி.களில் இருந்த இடங்கள் 17,385. முதல் கட்டத் தேர்வை எழுதிய பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்டோரால் வகுத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை. இரண்டாம் கட்டத்தை எழுதிய ஏறத்தாழ 1,80,000 பேரால் வகுத்தால் ஒன்பதரைக்கு மேல். இரண்டுமே சரியான கணக்கு. மைத்துனருக்கு முதல் கணக்கே பிடித்தது.

இவ்வளவும் கற்ற பின்னும் அந்தத் தாளை நான் கதவிலிருந்து எடுக்கவில்லை. அதைத்தான் இன்றும் என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

எட்டு இடங்களின் விடைகளும் ஒவ்வொன்றாக வந்தன. கடைசி விடைகள் மார்ச் 30, வியாழன் மாலை ஏழு மணிக்கு. பேரன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். மகள் சமையலறையில் செபமாலையைக் கையில் பிடித்திருந்தாள், உதடுகள் அசையவில்லை. கால் மணி நேரம் கழித்து அவன் வெளியே வந்தான். எட்டிலும் இல்லை. எவரும் பேசவில்லை. தண்ணீர் குடிக்கக் குளிர்பதனப் பெட்டியைத் திறக்கப் போனவன், கதவில் இருந்த தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வீடுகளில் இன்றைக்கு இப்படித்தானே இருக்கும்? பிறகு ஏன் நம் வீட்டில் மட்டும் யாரோ இறந்துபோன மாதிரி இருக்கிறீர்கள்?" அவனாகவே தாளை உரித்தெடுத்து, நான்காக மடித்து, என் சட்டைப் பையில் வைத்தான். அவன் விரல்கள் நடுங்கியதை நான் கண்டேன்.

மூன்றாம் நாள் குருத்து ஞாயிறு. வாசிக்கப்பட்டது நம் ஆண்டவரின் பாடுகள். என் மனமோ காணாமற்போன ஆட்டைப் பற்றிய உவமையில் நின்றது. அதுவும் நூற்றுக் கணக்குதான். நூற்றில் ஒன்று. ஆனால் அங்கே அந்த ஒன்று, வெளியே நிற்பது. பல்கலைக்கழகம் ஆயனாக இருக்க இயலாது என்பதை அறிவேன். இருக்கும் இடங்கள் இவ்வளவே என்னும்போது எவரேனும் வெளியே நின்றே ஆகவேண்டும். நான் ஆயனாக இருந்திருக்கலாம். நானும் வாயிற்காவலரோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பேரன் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அப்போது விண்ணப்பித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இருவரை ஏற்றுக்கொண்ட மாநிலப் பல்கலைக்கழகம். என் அட்டவணையில் அதற்கு இடமே இருந்ததில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் அதன் வரலாற்றைப் படித்தேன். 1943இல் அங்கே, ஏழை விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் ஆய்வு மாணவரும், அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனும் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தனர். காசநோய்க்கு முதன்முதலாகப் பயன்தந்த மருந்து. 1959இல் என் தாய்க்குக் காசநோய் கண்டபோது, நாள்தோறும் ஊசி போடச் செவிலியர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவார். வெந்நீரில் கொதித்த ஊசியின் ஓசையும், அந்தப் புட்டியின் பெயரும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. அம்மா அதன்பின் முப்பத்தொரு ஆண்டுகள் வாழ்ந்தார்.

இதைப் பேரனிடம் சொன்னேன். "அந்த ஆய்வுக்கூடத்தை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள் தாத்தா, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றான்.

சென்ற மாதம் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கையில், பழைய ஆசிரிய நண்பர் ஒருவர், "பேரன் எங்கே படிக்கிறான்?" என்று கேட்டார். "ரட்கர்ஸ்" என்றேன். அவர் தலையசைத்து நகரப் போனார். அதற்குள் என் வாய் தானாகவே, "மிகப் பெரிய இடங்களுக்கும் விண்ணப்பித்திருந்தான்" என்று சொல்லிவிட்டது.