மகாராணி வீட்டு மயில்

அரண்மனை பார்க்கப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பவர்கள் ஒரு வகை. குறை காண்பதென்று வீட்டிலேயே தீர்மானம் செய்துகொண்டு புறப்படுகிறவர்கள் மற்றொரு வகை. இங்கிலாந்துக்குத் தெற்கே ஒய்ட் தீவிலுள்ள ஆஸ்பார்ன் மாளிகைக்கு நாம் சென்றபோது, ஒளிப்பானேன், இரண்டாவது வகையைச் சேர்ந்தவராகவே சென்றோம்.

அதற்குக் காரணம் நம் பாட்டியார். சோறு உண்ணும்போது இலைக்கு வெளியே ஒரு பருக்கை விழுந்தாலும் எடுத்து உண்ணச் சொல்வார். "தாது வருஷத்தில் இந்த ஒரு பருக்கைக்கு ஜனங்கள் என்ன பாடுபட்டார்கள், தெரியுமா?" என்பார். அவருடைய தாயார் அந்தப் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த சிறு பெண். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது சரித்திரக்காரர்களின் கணக்கு. அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான், 1877-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி, டில்லியில் மாபெரும் தர்பார் கூட்டி, விக்டோரியா மகாராணி இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பறைசாற்றினார்கள். அந்தச் சக்கரவர்த்தினியின் வீட்டைப் பார்க்கப் போகிற நமக்குக் கோபம் இல்லாமல் இருக்குமா?

ஸௌதாம்டன் துறைமுகத்திலிருந்து கப்பலில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். நம் இல்லத்தரசியும் உடன் வந்தாள். கையில் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிய பொட்டலம்.

மாளிகை குன்றின் மேல் கடலைப் பார்த்து நிற்கிறது. ஒரு கோபுரத்தில் கடிகாரம், மற்றொன்றில் கொடி. இங்கிலாந்தின் பழைய கோட்டைகளின் சாயலே இதில் இல்லை. இத்தாலி தேசத்துக் கடற்கரை மாளிகையைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததுபோல் இருக்கிறது. மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசருக்கு இவ்விடத்துக் கடல் நேப்பிள்ஸ் வளைகுடாவை நினைவூட்டியதாம். பெயர்பெற்ற சிற்பி யாரையும் அவர் அழைக்கவில்லை. தாமஸ் க்யூபிட் என்ற லண்டன் கட்டிட கண்டிராக்டரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 1845-ல் ஆரம்பித்து 1851-ல் முடித்துவிட்டார்.

கல் மாளிகை என்று நினைத்து நாம் சுவரை உற்று நோக்கினோம். கல் அல்ல, செங்கல். அதன் மேல் கல்லைப்போல் சிமெண்டுப் பூச்சு. உள்ளே விருந்தினர் கூடத்தில் பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. அவையும் பளிங்கு அல்ல; பளிங்குபோல் மெருகிட்ட சாந்து. "ஆகா! அகப்பட்டது குறை!" என்று உள்ளூர மகிழ்ந்தோம். ஆனால் தளத்தைத் தாங்குபவை இரும்பு உத்தரங்கள் என்றும், தீப்பிடித்தால் பரவாதிருக்கவே அந்த ஏற்பாடு என்றும் அறிந்தபோது மகிழ்ச்சி சற்றுக் குறைந்தது. க்யூபிட் வேஷம் போட்டது வெளியில்தான், எலும்பு அசல்.

விருந்தினர் கூடத்தை ஒட்டி, தூண்களுக்கு அப்பால், பில்லியர்ட்ஸ் ஆடும் அறை ஒரு மூலை திரும்பி அமைந்திருக்கிறது. மகாராணியின் முன்னிலையில் யாரும் உட்காரக் கூடாது அல்லவா? அந்த மூலைக்குள் போய்விட்டால், முன்னிலையில் இருந்ததாகவும் ஆகும், கண்ணில் படாமல் உட்கார்ந்ததாகவும் ஆகும். மரியாதைக்கும் முழங்காலுக்கும் சமரசம் செய்துவைத்த கட்டிடக்கலை!

பிறகு தர்பார் மண்டபத்துக்குள் நுழைந்தோம். அங்கே நம் கோபம் திகைத்து நின்றுவிட்டது.

தரையிலிருந்து விதானம் வரையில் வெண்ணிறச் சாந்து வேலை. பூவும் கொடியும் பின்னலும் நெருக்கமாக, ஆனால் ஒன்றை ஒன்று நெரிக்காமல் ஓடுகின்றன. நம்முடைய பிள்ளையாரும் அங்கே எழுந்தருளியிருக்கிறார். கணப்பு அடுப்பின் மேல், சுவர் நிறைய, தோகை விரித்த மயில் ஒன்று.

1890-91-ல் எழுந்த இந்தப் பகுதியின் அலங்காரத்தைத் திட்டமிட்டவர்கள் இருவர். ஒருவர் லாகூர் மேயோ கலைப் பள்ளியின் தலைவர் லாக்வுட் கிப்ளிங். மற்றவர் அதே பள்ளியில் பயின்று ஆசிரியரான பாய் ராம் சிங். பஞ்சாபில் தச்சர் குலத்தில் பிறந்தவர். இங்கேயே வந்து தங்கி வேலையை நடத்தியவர் ராம் சிங்தான். இந்திய மண்ணில் ஒரு நாளும் கால் வைக்காத சக்கரவர்த்தினிக்கு, அவர் வீட்டுக்குள்ளேயே இந்தியாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். பின்னர் அமிர்தசரஸ் கால்ஸா கல்லூரியின் அழகிய கட்டிடத்துக்கும் திட்டம் வகுத்தவர் அவரே.

"என்ன, கோபமெல்லாம் எங்கே போயிற்று?" என்றாள் இல்லத்தரசி.

"மயிலிடம் எப்படியம்மா கோபித்துக்கொள்வது?" என்றோம்.

மண்டபத்துக்குப் போகும் நடையில் வரிசையாகப் படங்கள். ஸ்வோபோடா என்ற ஆஸ்திரிய ஓவியர் மகாராணிக்காக எழுதிய இந்திய முகங்கள். ராம் சிங்கும் தலைப்பாகையுடன் அங்கே இருக்கிறார். 1886-ல் லண்டன் கண்காட்சிக்கு ஆக்ராவிலிருந்து அழைத்துவரப்பட்ட கைத்தொழிலாளர் சிலரும் இருக்கிறார்கள். பக்ஷிராம் என்ற கிழக் குயவரின் முகத்தில் எத்தனை சுருக்கங்கள்! அவ்வாறு வந்தவர்களில் பலர் ஆக்ரா சிறைச்சாலையில் தொழில் கற்ற கைதிகள்.

இல்லத்தரசி நெடுநேரம் அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ராணி இவர்கள் முகத்தையெல்லாம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டாள். பாட்டியின் அம்மா முகத்தை யார் எழுதினார்கள்?" என்றாள்.

நாம் வீட்டிலிருந்து தயாரித்துக் கொண்டுவந்த கண்டனங்கள் அத்தனையும் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகவில்லை.

1901-ம் வருஷம் ஜனவரி 22-ந் தேதி மகாராணி இந்த மாளிகையில்தான் காலமானார். அவருடைய குமாரர் ஏழாம் எட்வர்ட் இதைத் தேசத்துக்குக் கொடுத்துவிட்டார். முதல் வகுப்புப் பாதுகாப்புப் பெற்ற கட்டிடமாக, இன்று இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் என்ற ஸ்தாபனத்தின் பொறுப்பில் இருக்கிறது. "இதை எதற்காகக் காப்பாற்றுகிறார்கள்?" என்று கேட்க எண்ணியே நாம் வந்தோம். அந்தக் கேள்வி இப்போது நம் நாவில் எழவில்லை. இது அழிந்தால் ராம் சிங்கின் மயிலும் பக்ஷிராமின் முகமும் அல்லவா அழிந்துபோகும்? ஏகாதிபத்தியத்தின் ஆடம்பரமும் நம் கைத்தொழிலின் பெருமையும் ஒரே சுவரில் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன. சுவர் நிற்கட்டும். ஆனால் அதைப் பார்க்க வருகிறவர்கள், விதானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, தர்பார் நடந்த அந்த 1877-ம் வருஷத்தில் வேறு என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போகட்டும். மன்னிப்பதா, மறப்பதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

வெளியே வந்து, கடலைப் பார்த்தபடி புல்தரையில் அமர்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். உண்ணும்போது ஒரு பருக்கை புல்லில் விழுந்தது. நாம் குனிந்து அதை எடுத்து உண்டோம். வழக்கமாக இதற்குச் சிரிக்கும் இல்லத்தரசி அன்று சிரிக்கவில்லை.