நாங்கள் படைத்த நிலா

ஓர் உலகைப் படைப்பது எளிது என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். பெயர் சூட்டுவதும் வண்ணம் தீட்டுவதும்தானே வேலை! ஆனால், எண்கள் எங்களை எளிதில் விடவில்லை.

‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்பது விண்கலம் கட்டிச் செலுத்திப் பழகும் கணினி விளையாட்டு. 2011இல் மெக்சிகோ நாட்டிலிருந்து வெளிவந்தது. ‘கோப்பர்னிகஸ்’ என்னும் துணை மென்பொருளை அதனுடன் சேர்த்தால், கோள்களையும் நாமே அமைக்கலாம். அறிவியல் கண்காட்சிக்காகத் தோழியர் எண்மர் இப்பணியில் இறங்கினோம்.

விண்மீனுக்கு அருகில் கொதிக்கும் பாலை, நடுவில் உயிர்கள் வாழும் மருதம், தொலைவில் பனிக்கடல் போர்த்த நெய்தல் என மூன்று கோள்களை வகுத்தோம். ஆண்டின் நீளத்தையும் விரும்பியபடி எழுத முயன்றோம். அது நடக்கவில்லை! கோளின் ஆண்டை இருமடியாக்கினால், அது தொலைவின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது 1619இல் கெப்ளர் வெளியிட்ட விதி. மருதத்தைப்போல் நான்கு மடங்கு தொலைவில் நெய்தலை வைத்தோம். அதன் ஓர் ஆண்டு, எட்டு மருத ஆண்டுகள் ஆயிற்று.

இவ்விளையாட்டின் வழக்கப்படி மருதத்தின் ஆரம் 600 கி.மீ. மட்டுமே. பூமியின் ஆரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஆயினும் ஈர்ப்பு பூமியைப் போலவே இருக்க வேண்டும். கணக்கிட்டுப் பார்த்துத் திகைத்தோம். மருதத்தின் மண் தண்ணீரைவிட 58 மடங்கு அடர்த்தியாக இருக்க வேண்டுமாம்! பூமியில் மிக அடர்ந்த உலோகமாகிய ஆஸ்மியமே 22.6 மடங்குதான். இது ஆட்டத்துக்கான கற்பனை என்று விளக்கப் படத்தில் எழுதிவிட்டோம்.

மருதத்துக்கு இரண்டு நிலாக்கள். பெரியது 12,000 கி.மீ. தொலைவில், சிறியது 14,000 கி.மீ. தொலைவில். சிறிய நிலாவின் மலைகளையும் பள்ளங்களையும் எங்கள் தோழி ஒருத்தி இரண்டு வாரம் கண்விழித்து வரைந்திருந்தாள். வானில் அக்காளும் தங்கையும்போல் அவை உலா வந்த காட்சி எத்துணை அழகு!

“உண்மையில் இவை நிலைக்குமா?” என்று எங்கள் இயற்பியல் ஆசிரியை கேட்டார். இவ்விளையாட்டில் கோள்களும் நிலாக்களும் குறித்த பாதையில் ஓடுமேயன்றி ஒன்றையொன்று இழுப்பதில்லை. அந்த இழுவையையும் கணக்கிடும் ‘பிரின்சிபியா’ என்னும் மென்பொருளைச் சேர்த்துப் பார்த்தோம். சில சுற்றுகளிலேயே சிறிய நிலாவின் பாதை கோணலாயிற்று. பிறகு ஒருநாள் மருதத்தை விட்டே அது ஓடிப்போயிற்று!

“மண்ணின் எடையில் பொய் சொன்னோமே, நிலாவில் மட்டும் சொன்னால் என்ன? பார்ப்பவர்களுக்குத் தெரியவா போகிறது?” என்று தோழி கேட்டாள். எங்களில் பாதிப்பேர் அவள் பக்கம். இரண்டு நாட்கள் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் அவளே ஒரு தாளை நீட்டினாள். அதில் 40,000 கி.மீ. என்று எழுதியிருந்தாள். “எடையைப் பற்றிப் படத்தில் எழுதிவிட்டோம். ஓடிப்போகும் நிலாவை ஓடாது என்று காட்ட எனக்கு மனம் வரவில்லை” என்றாள். அவ்வாறே மாற்றினோம். எத்தனை ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தும் நிலா நிலைத்து நின்றது. ஆனால், நம் நிலாவில் ஏறத்தாழப் பாதி அகலமே தெரிந்தது. அவள் வரைந்த மலைகள் மருதத்திலிருந்து புள்ளிகளாய்க்கூடத் தோன்றவில்லை.

கண்காட்சியன்று ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, “அந்த நிலா ஏன் அக்கா அவ்வளவு சின்னதாய் இருக்கிறது?” என்று கேட்டாள்.

“தொலைவில் இருப்பதால்தான் அது இன்னும் இருக்கிறது” என்றாள் எங்கள் தோழி.

அன்று மாலை வீடு திரும்புகையில் வானத்தைப் பார்த்தோம். 3,84,400 கி.மீ. தொலைவில் நம் நிலா. அதுவரை அதை அழகென்று மட்டுமே பார்த்திருந்தோம். அன்றுதான், அந்த அழகுக்குள் ஒரு கணக்கும் இருப்பதை உணர்ந்தோம்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்