கரண்டிக் கணக்கு

ரிடையர் ஆன பிறகு ஒரு பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நடத்திய இளம் டாக்டர், "சர்க்கரை வராம தடுக்கிறது ரொம்ப சுலபம். சோத்தைக் குறைங்க, நடங்க. ரெண்டே வரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அந்த ரெண்டு வரியைத் தென்னேரி ஏரிப் பாசன ஊர்களில் வீடு வீடாகச் சொல்லியே செருப்பு தேய்ந்தவள் நான். கிராம சுகாதார செவிலியர்; ஊருக்கு நர்ஸம்மா.

சொன்னால் பலன் உண்டா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் ஐஜிடி என்னும், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. சாப்பாட்டையும் நடையையும் விடாமல் கவனிக்கப்பட்டவர்களில் 39 சதவீதம்தான். இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாக இறங்கவில்லை. நம் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேட்டில் டாக்டர் வி. மோகன் குழுவினர் இதே தடுப்பு வேலைக்காகச் சாட்டிலைட் இணைப்புள்ள வண்டியோடு வந்து, 42 கிராமங்களில் 23,000க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். ஆக, வழி தெரிந்ததுதான். வீட்டுக்குள் போய் எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

"எவ்வளவு சோறு சாப்புடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பணக்காரர், ஏழை, ஒல்லி, குண்டு, எல்லாருக்கும் ஒரே பதில்: "கொஞ்சந்தான் நர்ஸம்மா." யாரும் பொய் சொல்வதில்லை. தட்டில் விழுவதை யார் எண்ணிக்கொண்டு சாப்பிடுகிறார்கள்? எத்தனை கரண்டி என்றால், கரண்டி வீட்டுக்கு வீடு வேறு. குழிக்கரண்டியா, தட்டைக்கரண்டியா, குவித்துப் போடுவதா, தட்டிப் போடுவதா? அதனால் தட்டை விட்டுவிட்டு மூட்டையைப் பிடித்தேன்.

"ரேஷன் அரிசி எவ்வளவு ஆயா?"

"இருவது கிலோ."

"கடையில?"

"ஒரு சிப்பம்."

"வீட்ல எத்தினி பேரு?"

"நாலு."

சிப்பம் 25 கிலோ. ஆக மொத்தம் மாதம் 45, நாளைக்கு ஒன்றரைக் கிலோ, ஆளுக்கு 375 கிராம் அரிசி. அதில் கிட்டத்தட்ட 290 கிராம் மாவுச்சத்து. "காலையில சோறே தொடறதில்ல, இட்லிதான்" என்பார்கள். ரேஷன் அரிசிதானே மாவாகிறது! விருந்தாளிக்கு, கோழிக்கு, மாவரைத்து விற்பதற்கு என்று எவ்வளவு போகிறது என்பதையும் கேட்டுக் கழிக்க வேண்டும். இந்தக் கணக்கை அவர்கள் வாயாலேயே போட வைத்தால், அன்றைக்கு நான் அறிவுரையே சொல்ல வேண்டியதில்லை. "அவ்ளோவா?" என்று அவர்களே கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சு: ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கீரை, சுண்டல், முட்டை. சோற்றுக்குப் பதில் மூன்று சப்பாத்தி, கூழ் என்று மாற்றிக்கொடுத்துக் கடமை முடிந்தது என்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அதுவும் மாவுச்சத்துதான்.

நடையும் அப்படித்தான். "நான் நடக்காத நடையா?" என்பார்கள். ஒரு காலத்தில் உண்மை. இப்போது நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின். பிள்ளைகளை ஒரகடம் கம்பெனி பஸ் தெருமுனையிலேயே ஏற்றிக்கொள்கிறது. ஏரிக்கரையில் ஒரு பெண் தனியாகக் கைவீசி நடந்தால், எதிரில் வருகிற ஒவ்வொருவருக்கும் எங்கே போகிறாள் என்று பதில் சொல்லியாக வேண்டும். நான்கு பேரைச் சேர்த்துவிட்டால் யாரும் கேட்பதில்லை. இது எந்த ஸ்லைடிலும் கிடையாது.

இப்போது இந்த நர்ஸ் வேலைக்கு வரும் பெண்கள் சுறுசுறுப்பானவர்கள்தான். ஆனால் இடுப்பளவு எடுக்கச் சொன்னால் புடவைக் கொசுவத்தின் மேலேயே டேப்பைச் சுற்றுகிறார்கள். விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேலுக்கும் நடுவில், மூச்சு விட்ட பிறகு எடுக்க வேண்டும். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90 என்று கோடு போட்டிருக்கும்போது, கொசுவத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் தள்ளுவது? சிலர் டேப்பையே எடுப்பதில்லை, கண்ணால் பார்த்து எழுதிவிடுகிறார்கள். விரலில் குத்தி, எண்ணைப் போனில் ஏற்றி, அடுத்த வீடு. அந்த எண் ஏறாமல் இருக்கச் செய்வதுதான் தடுப்பு. ஏறிய பிறகு எழுதுவதற்கு நர்ஸ் எதற்கு?

இன்னொன்று. கர்ப்பத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140ஐத் தொட்ட பெண்கள் எல்லாரும் எங்கள் ரிஜிஸ்டரில் இருக்கிறார்கள். பிரசவத்தோடு போய்விட்டது என்று அவர்கள் மறந்துவிடுகிறார்கள். நாளைக்கு யாருக்குச் சர்க்கரை வரும் என்று ஜோசியம் பார்க்கவே வேண்டாம், பட்டியல் கையிலேயே இருக்கிறது. குழந்தையின் தடுப்பூசி முடிந்ததும் அந்தப் பக்கங்களை யார் புரட்டுகிறார்கள்?

2021இல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்தபின் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. நல்லதுதான், நோய் வந்தவர்களுக்கு. வராதவர்களின் வாசலில் யார் நிற்பது? பயிற்சி வகுப்புகளில் மாத்திரைப் பெயர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். புதிதாக வரும் பிள்ளைகளை ஒரே ஒரு பிற்பகல் ஏதாவதொரு வீட்டு அடுப்படியில் உட்கார வைத்து, அரிசிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். போடத் தெரியாதவரைத் தடுப்பு வேலைக்கு அனுப்பாதீர்கள்.