முழங்கைக்கு ஒரு பெட்டி

பழைய புரோட்டோன் சாகா வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் ‘ஒரிஜினல்’ என்ற சொல் வந்துவிடும். பெயிண்ட் ஒரிஜினலா, சீட் துணி ஒரிஜினலா, டேஷ்போர்டில் ஓட்டை போட்டிருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்பார்கள். எங்கள் காடியைப் பார்த்த ஒருவர் பானெட்டையும் கதவுகளையும் மெச்சிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். முன் சீட்டுகளுக்கு நடுவிலிருந்த பெட்டியைக் காட்டி, “இத மொதல்ல கழட்டிப் போட்ருங்க. மத்தபடி நல்ல காடி,” என்றார்.

பெட்டி அப்போது பரிதாபமாகத்தான் இருந்தது. கறுப்பு வினைல் மேலட்டை ஆற்றுப்படுகை மாதிரி வெடித்திருந்தது. வெடிப்பு வழியாக ஸ்பான்ச் பழுப்புப் பொடியாக உதிர்ந்து, உட்காருகிறவர்களின் உடையில் ஒட்டியது. பக்கவாட்டில் வினைல் பசைவிட்டுத் தொங்கியது. அது தொழிற்சாலை வைத்த பொருளல்ல. அப்பா இந்த 1988 சாகாவைக் கைமாற்றாக வாங்கியபின் கிள்ளானில் ஒரு குஷன் கடையில் சொல்லிச் செய்த பிளைவுட் பெட்டி.

அதைக் கழற்றுவதா, திருத்துவதா என்று யோசித்தபோது ‘ஒரிஜினல்’ என்ற சொல்லில்தான் சிக்கினேன். 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமான சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டது. இன்ஜினும் மிட்சுபிஷியுடையது. ஷா ஆலாம் ஆலையில் பொருத்தப்பட்டு, நம் ஊர்ப் பெயர் சூட்டிக்கொண்டு, ‘தேசியக் கார்’ ஆகி, முதல் வண்டி தேசிய அருங்காட்சியகத்துக்கும் போய்விட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேறொருவர் வரைந்த ஒன்றை வாங்கி நமக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டதே இந்தக் காடியின் கதை. அப்படியானால் அந்த ஆக்கிக்கொள்ளல் ஆலை வாசலோடு முடிந்துவிட வேண்டும் என்று யார் முடிவு செய்தது? கிள்ளானில் ஒரு குஷன் கடைக்காரர் சேர்த்தது மட்டும் ஏன் கணக்கில் வராது?

பெட்டியைக் கழற்றி வீட்டு ஐந்தடி மேடையில் வைத்துப் பிரித்தேன். வினைல் என்பது பிவிசிதான். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் அதே பொருள். இயல்பில் விறைப்பானது. எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியைக் கலப்பதால்தான் தோல் மாதிரி வளைகிறது. வெயிலில் நிறுத்திய காடிக்குள் வெப்பம் 60 டிகிரியை எட்டிவிடும். வருடக்கணக்கில் அந்தச் சூட்டில் மென்மையாக்கி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. பழைய காடிகளின் முன்கண்ணாடி உட்புறத்தில் துடைக்கத் துடைக்கப் படியும் மங்கலான பிசுக்கில் அதற்கும் பங்குண்டு. எண்ணெய் போனதும் வினைல் சுருங்குகிறது, இறுகுகிறது, பிறகு அழுத்தம் விழும் இடத்தில் வெடிக்கிறது. ஸ்பான்ச் பாலியூரித்தேன் நுரை. சூடும் ஈரமும் சேர்ந்து அதன் பிணைப்புகளை அறுத்துவிடுகின்றன. நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

தேய்மானம் ஒரே சீராக இல்லை. மூடியின் வலது பாதி குழி விழுந்து கிழிந்திருந்தது. இடது பாதியில் வினைலின் புள்ளி வேலைப்பாடு அழியாமல் இருந்தது. ஓட்டுகிறவர் வலப்பக்கம், பக்கத்தில் இருப்பவர் இடப்பக்கம். அத்தனை வருடமும் அந்த இடது சீட்டில் உட்கார்ந்தது அம்மா. அவர் ஒருநாளும் அதில் கை வைக்கவில்லை போல. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி அவர் உட்காருவது நினைவுக்கு வந்தது.

வினைலை உரித்ததும் பிளைவுட்டில் பென்சில் கோடுகள் தெரிந்தன. அங்குலக் கணக்கு எண்கள். ஓரிடத்தில் ஒரு கோட்டை அடித்து அரை அங்குலம் மேலே இன்னொரு கோடு. அப்பாவிடம் காட்டினேன்.

“அந்த ஆளு என்னய சீட்ல உக்கார வச்சு, கியர்ல கை போடுங்க அண்ணேன்னு சொல்லி, முட்டிக்குக் கீழ டேப் வச்சு அளந்தாரும்மா. மொதல்ல தாழ்வா இருந்துச்சு. திரும்ப ஏத்துனாரு.”

ஜப்பானில் வரைந்த ஒரு காடிக்குள், எங்கள் அப்பாவின் இடது முழங்கைக்கு என்று எடுத்த ஒரே அளவு அந்த அரை அங்குலம்.

ஆனால் அந்த அளவு இப்போது யாருக்கு? இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. அவர் இனி ஓட்டப்போவதில்லை. நான் ஓட்டுகிறேன், அவர் அம்மாவின் சீட்டில் உட்காருகிறார். பிசியோவுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு கதவுப் பக்கம் சாயும். அப்போது அவருடைய நல்ல கை, வலது கை, தானாகப் பெட்டியின் ஓரத்தைத் தேடிப் பிடிக்கும். இறங்கும்போதும் அதன்மேல் கையை ஊன்றித்தான் உடம்பை வெளிப்பக்கம் திருப்புவார். முழங்கை வைக்கச் செய்த பெட்டி கைப்பிடியாகிவிட்டது. இரண்டு சின்ன ஆங்கிளில் நான்கு மர ஸ்குருவோடு நின்ற பெட்டி, அவர் ஊன்றும்போதெல்லாம் ஆடியது.

அதனால் திருத்துவதென்று முடிவானதும், எதைத் திருத்துவது என்பதே கேள்வியாக இருந்தது. பழைய மாதிரியே செய்தால் அது நினைவுப்பொருள். அப்பாவுக்கு இன்று வேண்டியது பிடிமானம்.

வினைல் வாங்க ஒரு குஷன் கடைக்குப் போனேன். பழைய கடை மூடிப் பல வருடமாகிறது, இது வேறு. அங்கிருந்த அங்கிளிடம் விஷயத்தைச் சொல்லி, “நல்லா ஹார்டான ஸ்பான்ச், ஹை டென்சிட்டி கொடுங்க அங்கிள்,” என்றேன்.

“ஹார்டு வேற, டென்சிட்டி வேறம்மா,” என்றார். இரண்டு துண்டுகளை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று கனமானது, ஆனால் விரல் மெத்தென்று இறங்கியது. மற்றது லேசானது, ஆனால் விறைப்பாக இருந்தது. “டென்சிட்டி எத்தன வருஷம் தாங்கும்னு சொல்லும். ஹார்டு எவ்வளவு எறங்கும்னு சொல்லும். உங்கப்பாவுக்கு ரெண்டும் வேணும்.”

பல்கலைக்கழகத்தில் ‘பொருளறிவியல்’ பாடத்தில் இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வேலை மூன்று வார இறுதிகள் எடுத்தது. ஊறிப்போன அடிப்பலகையை மட்டும் மாற்றினேன். பக்கப் பலகைகள் நன்றாகவே இருந்தன. கைப்பிடிக்காக 25 மில்லிமீட்டர் உருளைக் கட்டை ஒன்றை இடது விளிம்பில் நீளவாக்கில் வைத்தேன். அதை மூடியில் வைத்திருந்தால் அப்பா இழுக்கும் விசை முழுவதும் கீலுக்குப் போகும்; கீல் பிய்ந்துவிடும். பெட்டியின் உடலில் வைத்தால் விசை பலகை வழியாகத் தரைக்கு இறங்கும். மர ஸ்குருவுக்குப் பதிலாக நான்கு 8 மில்லிமீட்டர் போல்ட், தரைக்கு அடியில் இரும்புத் தகடு. தகடு இல்லாவிட்டால் மெல்லிய தரைத்தகட்டை போல்ட் நாளடைவில் கிழித்துக்கொண்டு வந்துவிடும். துளை போடுமுன் காடிக்கு அடியில் படுத்து, பிரேக் குழாயும் ஹேண்ட்பிரேக் கேபிளும் எங்கே ஓடுகின்றன என்று சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டேன்.

வினைல் போர்த்துவது பொறுமைக்கு வைக்கும் பரீட்சை. மூடிக்கு அடியில் விறைப்பான ஸ்பான்ச், மேலே 10 மில்லிமீட்டர் மெத்தென்ற ஒன்று. வினைலை ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்கினால் இளகி, இழுத்த இழுப்புக்கு வரும். முதல் பின்னை ஒரு பக்கத்தின் நடுவில் அடிக்கவேண்டும், அடுத்ததை நேரெதிர்ப் பக்கத்தின் நடுவில். பிறகு மற்ற இரு பக்கம். மூலைகள் கடைசியில்தான். மூலையிலிருந்து தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து நிற்கும், அதை எங்கும் தள்ள முடியாது. பக்கங்களுக்குக் காண்டாக்ட் க்ளூ. இரண்டு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கரைப்பான் ஆவியாவதற்கு முன் ஒட்டினால் உள்ளே அடைபட்டு, முதல் வெயிலிலேயே கொப்புளமாக எழும். பதத்தில் சேர்த்தால் தொட்ட கணத்தில் பிடித்துக்கொள்ளும்.

உயரத்தை மாற்றவில்லை. நான் ஓட்டும்போது என் முழங்கைக்கு அது கொஞ்சம் தாழ்வுதான். அப்பாவின் வலது கைக்கு, கைப்பிடியோடு சேர்த்து அளந்து பார்த்தபோது சரியாக இருந்தது. உள்பக்கத்துப் பென்சில் கோடுகளைத் தேய்க்காமல் விட்டேன். அடிப்பகுதியை ஒட்டவில்லை, ஸ்குரு மட்டும். இந்த வினைலும் ஒருநாள் வெடிக்கும். அன்று பிரிப்பவர் கத்தி எடுக்கத் தேவையிருக்காது.

பொருத்தி முடித்ததும் அப்பா வந்து உட்கார்ந்தார். மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

“அவரு போட்டது இன்னும் மெத்துன்னு இருந்துச்சு.”

“மெத்துன்னு இருந்தா ஊன்ற முடியாதுப்பா.”

அவர் பதில் சொல்லவில்லை. கட்டையைப் பிடித்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். ஆடவில்லை. பிறகு, “அம்மாவுக்கும் அப்பவே இப்படி ஒண்ணு வச்சுக் கொடுத்திருக்கலாம்,” என்றார்.

அம்மா பின் சீட்டில்தான் இருந்தார், கைப்பை மடியில். “எனக்கு எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, “நேரமாச்சு, எடு,” என்றார்.